சாவு வீட்டுக்குக் காவல் இருந்தவள்

எங்கள் லாரல் ஓடைப் பக்கம் யாராவது இறந்துபோனால், வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லாருமாக அடக்கத்துக்குக் கிளம்பிவிடுவது என்ற பேச்சே கிடையாது. ஒருத்தர் வீட்டில் இருந்தாக வேண்டும். அக்கம்பக்கத்தார் கொண்டுவரும் சாப்பாட்டை வாங்கி வைக்க, அடுப்பைப் பார்த்துக்கொள்ள, கல்லறை மேட்டிலிருந்து குளிரில் விறைத்துத் திரும்புகிறவர்களுக்குக் காபி போட்டு வைக்க என்று வெளியாட்களிடம் காரணம் சொல்வோம். உண்மைக் காரணம் வேறு. பேப்பரில் மரண அறிவிப்பைப் படித்து, எந்த வீடு எப்போது காலியாக இருக்கும் என்று தெரிந்துகொண்டு வந்து பின்கதவை நெம்புகிற ஆட்கள் கென்டக்கியின் இந்த மூலையில் பெருகிவிட்டார்கள். துப்பாக்கி, டிவி எல்லாம் அவர்களுக்கு அப்புறம்தான். முதலில் குளியலறை அலமாரி. நோயாளி படுத்துக் கிடந்த வீட்டில் வலி மாத்திரை மிச்சம் இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

அப்படி வீட்டுக்கு உட்காருகிற வேலைக்கு எங்கள் சர்ச் சபையில் ரொம்ப காலம் ஒரே பெயர்தான் இருந்தது. வெர்லீன். "யார் வீட்டுக்கு உட்காருறது?" என்று யாராவது கேட்டால், கேள்வி முடியும் முன்னே "வெர்லீன்தான், வேற யாரு" என்று பதில் வந்துவிடும். பள்ளிக்கூட சமையலறையில் வேலை பார்த்தவள். எத்தனை பேர் வந்தாலும் பரிமாறத் தெரியும். எந்தப் பாத்திரம் யாருடையது என்று அடியில் ஒட்டியிருக்கும் பட்டையைத் திருப்பிப் பார்க்காமலே சொல்லுவாள். துக்க வீட்டில் அநாவசியமாக ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

அவளே அந்த அலமாரிகளைத் திறந்துகொண்டிருந்தாள் என்பது பின்னால்தான் வெளியே வந்தது.

கதை எல்லாருக்கும் நடந்த மாதிரியேதான். சமையலறையில் பீன்ஸ் கொதித்த அண்டாவை இறக்கும்போது இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது. டவுனில் டயர் கடைக்குப் பக்கத்தில் ஒரு டாக்டர் கடை போட்டிருந்தார். கடை என்றுதான் சொல்ல வேண்டும். இடுப்பைத் தொட்டுப் பார்க்காமல், எங்கே வலிக்கிறது என்றுகூடக் கேட்காமல் எழுதிக் கொடுத்தார். டாக்டர் கையெழுத்துப் போட்டு, மருந்துக்கடையில் புட்டியில் பெயர் ஒட்டிக் கொடுத்ததைப் போதை என்று யார் நினைப்பார்கள்? வெர்லீனும் நினைக்கவில்லை. வலி போனது. பிறகு வலி இல்லாத நாளிலும் மாத்திரை இல்லாமல் எழுந்திருக்க முடியவில்லை. ஒருநாள் காலையில் அதிகாரிகள் வந்து அந்த டாக்டரின் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பேப்பரில் படம் வந்தது. கதவு பூட்டியிருந்ததைப் பார்த்தபடி வாசலில் நின்ற ஜனங்களுக்கு இனி என்ன ஆகும் என்று கேட்க மட்டும் ஒரு நாதியில்லை.

அதற்கப்புறம் சாவு வீடுகள். இறந்தவருக்கு இனி வலி கிடையாது, எனக்கு இருக்கிறது, இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று அவள் தனக்குத்தானே நியாயம் பேசிக்கொண்டாள். ஆனால் உயிரோடு இருந்த அண்ணனின் புட்டியிலும் கை வைத்தாள் பாருங்கள், அதற்கு அவளிடம் ஒரு நியாயமும் இருக்கவில்லை. ஆர்வில் சுரங்கத்தில் நுரையீரலைத் தொலைத்தவன். கூரைக் கல் விழுந்து முதுகும் போனவன். அப்போது அவள் அண்ணன் வீட்டுப் பின்னறையில்தான் இருந்தாள். அது இருவரும் பிறந்து வளர்ந்த வீடு. மாதக் கடைசியில் அவன் மாத்திரை தீர்ந்துபோகும். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து முனகுவான். மறுபக்கத்தில் வெர்லீன் தலையணையால் காதை மூடிக்கொண்டு படுத்திருப்பாள். விஷயம் தெரிந்த அன்றே அண்ணி ரீவா அவளுடைய துணிமணிகளைக் குப்பைப் பைகளில் கட்டி வாசலில் வைத்துவிட்டாள்.

இப்போது அவள் ஒன்றுவிட்ட தங்கையின் டிரெய்லர் வீட்டில், முன்கூட சோபாவில் படுத்துக்கொள்கிறாள். அந்த சோபா உண்மையில் இரண்டு நாய்களுக்குச் சொந்தமானது. அவைதான் அவளுக்கு இடம் விடுகின்றன. ஒரு வருஷத்துக்கு மேலாக அவள் மாத்திரையைத் தொடவில்லை. மாத்திரைப் பழக்கத்தை விடுவதற்கென்று டவுன் கிளினிக்கில் கொடுக்கும், காகிதம்போல் கரையும் மருந்துப் பட்டையைத் தினமும் காலையில் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்கிறாள். அதையும் சபையில் விடவில்லை. "ஒரு போதைய விட்டுட்டு இன்னொன்னப் பிடிச்சிருக்கா, அவ்ளோதான்" என்று சபைப் பொறுப்பில் இருக்கும் டீக்கன் ஹோபர்ட்டின் மனைவி கிளெண்டா எல்லார் முன்னிலையிலும் சொன்னாள். விட்டாலும் ஏச்சு, விடாவிட்டாலும் ஏச்சு. வெர்லீனுக்கு அது பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் யார் மேல் கோபப்படுகிற உரிமை தனக்கு இருக்கிறது என்று தெரியாமல் கோபத்தையும் விழுங்கப் பழகியிருந்தாள்.

ஆர்வில் பிப்ரவரியில் இறந்துபோனான். சாகும் முன், பிரசங்கியார் பக்கத்தில் நிற்கும்போதே, "வெர்லீன்தான் வீட்டுக்கு உட்காரணும்" என்றான். இன்னொரு தடவையும் சொன்னான்.

அடக்கத்தன்று காலையில் ரீவா கறுப்பு உடுப்பில் சமையலறைக்கு வந்தாள். கையில் கையுறை, முகத்தில் தூக்கமில்லை.

"வெர்லீன், மறைச்சுப் பேச எனக்கு வராது. எனக்கு மனசில்ல. கிளெண்டாவும் வேணவே வேணாம்னுதான் சொன்னா. ஆர்வில் சொல்லிட்டாருன்னுதான் உன்ன வரச் சொன்னேன்."

"நான் வரேன்னு கேக்கல, ரீவா."

"நீ கேக்கமாட்ட. அதுதான் எனக்கு எரிச்சலே." ரீவா கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "கடைசி நாள்ல பாத்துக்கிட்ட ஹாஸ்பைஸ் நர்ஸ் வந்து மிச்ச மாத்திரையெல்லாம் பூனைக்கு வைக்கற மண்ணுல கொட்டி, தண்ணி ஊத்திப் பிசைஞ்சு எடுத்துட்டுப் போயிட்டா. அதனால நீ ஒண்ணும் தேட வேணாம்."

"நான் தேடறதுக்கு வரல."

"சொல்லிட்டேன், அவ்ளோதான்." கதவருகே போன ரீவா நின்றாள். குரல் கொஞ்சம் இறங்கியது. "இன்னிக்கு நல்லபடியா முடிஞ்சா அந்தப் பின்னறைக்கு வந்துடு. ஒத்தையா இந்த வீட்ல ராவுல மூச்சு முட்டுது எனக்கு. நாய் படுக்கையில எத்தன நாள் கெடப்ப நீ?"

வெர்லீன் தலையை ஆட்டினாள்.

எங்கள் பக்கத்துச் சவ ஆராதனை லேசில் முடியாது. நாலைந்து பிரசங்கியார்கள் முறை வைத்துப் பேசுவார்கள். ஒருவர் சோர்ந்தால் இன்னொருவர் எழுந்திருப்பார். பிறகு மேட்டுக் கல்லறை, பாட்டு, ஜெபம். ஆக, அரைநாள் முழுக்க அந்த வீட்டில் வெர்லீன் தனியாக இருக்க வேண்டும். அவள் வேலையில் இறங்கினாள். பன்றித் தொடையைத் துண்டு போட்டாள். சோளரொட்டியைத் துணியில் சுற்றினாள். அவித்த முட்டைத் தட்டுகளை ஒழுங்காக அடுக்கினாள். பின்னறைக் கதவை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு மூடினாள். அங்கே இப்போது ஆர்விலின் ஆக்ஸிஜன் உருளைகள் நின்றன. நாளைக்கே அவற்றை எடுத்துப்போகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள்.

பிறகு பெரிய காபிப் பானையை எடுக்க ஸ்டூல் போட்டு ஏறினாள். ஐம்பது பேருக்குக் காபி போடுகிற பானை அது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் கீழே இறங்கும். அலமாரியின் உச்சியில் தூசி படிந்து கிடந்தது. அதை இழுத்ததும் உள்ளே கடகடவென்று ஒரு சத்தம் கேட்டது.

அந்தச் சத்தம் வெர்லீனுக்குத் தெரியும். அவள் ஸ்டூல் மேலேயே நின்றாள்.

பானையின் மூடியைத் திறந்தாள். பானைக்குள் ஆரஞ்சு நிறப் புட்டி. ஆர்வில் பெயர். தேதியைப் பார்த்தாள். அவள் இந்த வீட்டில் இருந்த காலத்து மருந்து. கழுத்துவரை நிறைந்திருந்தது. அண்ணன் அவளுக்குப் பயந்து இதை இங்கே ஒளித்து வைத்திருக்கிறான். நிறைய ஜனம் வந்தாலொழிய யாரும் தொடாத பாத்திரம். மருந்து மயக்கத்தில் அப்புறம் மறந்தே போயிருக்கிறான். தன் சாவுக்குத்தான் அந்தப் பானை இறங்கும் என்று அவனுக்குத் தோன்றியிருக்காது. முதுகெலும்பு நொறுங்கியவன் இந்த ஸ்டூல் மேல் எப்படி ஏறினான் என்று வெர்லீன் தன் காலடியைக் குனிந்து பார்த்தாள்.

கொட்டிவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். கழிவறையில் கொட்டித் தண்ணீரை இழுத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? மாத்திரைக்கு அடிமைப்பட்டுக் கிடக்காதவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். கொட்ட வேண்டுமானால் மூடியைத் திறக்க வேண்டும். திறந்தால் உள்ளங்கையில் விழும். உள்ளங்கையில் விழுந்ததைக் கொட்டியதாக அவள் வாழ்க்கையில் ஒருமுறைகூட இல்லை. காலையில் வைத்த பட்டை உடம்பில் இருக்கும்போது மாத்திரை போட்டாலும் பெரிதாக ஏறாது என்று கிளினிக் நர்ஸ் சொல்லியிருந்தாள். புத்திக்கு அது தெரிந்தது. கைக்குத் தெரியவில்லை.

இன்னொரு ஆசையும் இருந்தது. இந்தப் புட்டியை, மூடி திறக்காமல், ரீவாவின் கையில் வைத்தால் எப்படி இருக்கும்? ஒரு வருஷமாக அவள் வாயால் எத்தனையோ சொல்லிப் பார்த்துவிட்டாள். ஒருத்தரும் நம்பவில்லை. இது வாய்ப்பேச்சு இல்லை. இதைவிடப் பெரிய அத்தாட்சி அவளுக்கு வேறு எங்கே கிடைக்கும்?

ஆகவே அவள் புட்டியை மேசையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். உட்கார முடியவில்லை. கொண்டுபோய் துணி துவைக்கும் மிஷினுக்குள் போட்டாள். காபிக்குத் தண்ணீர் பிடிக்கும்போது மிஷினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எடுத்து வெளி வராந்தாவில் ஒரு வாளிக்கு அடியில் கவிழ்த்து வைத்தாள். கதவைத் தாழிட்டுவிட்டு வந்தவள், ஜன்னல் வழியாக வாளியைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. பிறகு போய் எடுத்துக்கொண்டு வந்தாள். முதுகு வியர்த்தது. இடுப்பு, பழைய இடத்தில், சரியாக அதே இடத்தில், வலிக்கத் தொடங்கியது. இது பொய் வலி என்று தெரிந்தது. தெரிந்து என்ன? வலித்தது. செத்தும் என்னை விடமாட்டாயா என்று அண்ணன்மேல் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. கட்டைவிரல் மூடியின் மேல் இருந்தது. எப்போது அங்கே போனது என்று தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் வாசலில் கார் வந்து நின்றது.

கிளெண்டா. துண்டு சுற்றிய பெரிய பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு, கைப்பையை முழங்கையில் மாட்டிக்கொண்டு, இடுப்பாலேயே கதவைத் தள்ளி உள்ளே வந்தாள். கோழியும் மாவுருண்டையும் போட்ட அவளுடைய குழம்பு இல்லாமல் எங்கள் பக்கம் சாவு முழுமை அடையாது.

"மூணாவது பிரசங்கியார் இப்பதான் ஆரம்பிச்சார். அவர் நரகத்துக்குப் போய்த் திரும்பி வர நேரமாகும். அதுக்குள்ள இத எறக்கி வெச்சுட்டுப் போயிடலாம்னு வந்தேன்" என்றாள். பேசிக்கொண்டே கொட்டாவி விட்டாள். கண்ணும் மூக்கும் ஒழுகிக்கொண்டிருந்தன. பாத்திரத்தை அடுப்பின் மேல் வைக்கும்போது கை நடுங்கி மூடி தடதடத்தது.

அண்ணனுக்காக இவள் இப்படி அழுதிருக்கிறாளே என்று வெர்லீனுக்கு நெஞ்சு இளகிவிட்டது.

"சிஸ்டர், எனக்கு ஒரு உதவி பண்ணணும் நீங்க."

"என்ன கண்ணு?"

வெர்லீன் புட்டியை நீட்டினாள். "இது ஆர்விலோடது. காபிப் பானைக்குள்ள கெடந்துச்சு. நான் மூடியத் திறக்கல. சத்தியமா திறக்கல. ஆனா இது இன்னும் கொஞ்ச நேரம் என்கிட்ட இருந்தா திறந்துடுவேன். வெக்கத்த விட்டு உங்ககிட்ட சொல்றேன். இத உங்க பையில வெச்சிருந்து, ரீவா வந்ததும் அவ கையில குடுத்துடுங்க."

கிளெண்டா புட்டியைப் பார்த்தாள். உடனே வாங்கவில்லை.

"ஏன் என்கிட்ட குடுக்கற?"

"உங்கள விட்டா இந்தப் பக்கத்துல நான் யார நம்பறது?"

கிளெண்டாவின் முகத்தில் என்னமோ அசைந்தது. பிறகு புட்டியை வாங்கிப் பையில் போட்டு, பையை மூடினாள். "நல்ல காரியம் பண்ணின. கர்த்தர் பாத்துக்கிட்டுதான் இருக்கார்" என்றாள். "கொஞ்சம் கழிவறைக்குப் போயிட்டுக் கெளம்பறேன்."

குழாயில் தண்ணீர் ரொம்ப நேரம் ஓடியது. வெர்லீன் அதைக் கேட்டாள். காதில் விழுந்தது, அவ்வளவுதான். அவள் இருந்த சந்தோஷத்தில் கூரையே பிய்ந்து விழுந்தாலும் கவனித்திருக்க மாட்டாள். காபிப் பானையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே, சபையில் பாடும் பாட்டு ஒன்றை முனகிக்கொண்டிருந்தாள். இடுப்பு வலி போன இடம் தெரியவில்லை.

அவள் செய்த தப்பு இதுதான். கொட்டாவி, ஒழுகும் மூக்கு, நடுங்கும் கை, ஓடும் குழாய் என்று அத்தனையும் கண்ணெதிரே இருந்தது. வேறு யாரிடமாவது பார்த்திருந்தால் அரை நொடியில் கண்டுபிடித்திருப்பாள். மாத்திரை கிடைக்காத நாளில் அவளே இப்படித்தான் இருப்பாள். கிளெண்டாவுக்குப் போன கோடையில் முழங்காலில் ஆபரேஷன் நடந்ததும் அவளுக்குத் தெரியும். ஆனால் டீக்கனின் மனைவி. வெள்ளைக் காலர் வைத்த உடுப்பு. ஊரே தன் முகத்தைப் பார்த்துத் தீர்ப்பு எழுதிவிட்டது என்று குமைந்தவள், இன்னொருத்தியின் முகத்தைப் பார்த்துத் தானும் ஒரு தீர்ப்பு எழுதிவிட்டாள்.

ஜனம் திரும்பி வந்தது. பூட்ஸ் சேற்றைக் கதவில் தட்டிவிட்டு, கைகளைத் தேய்த்துக்கொண்டு உள்ளே நிறைந்தார்கள். காபி கொதித்து மணத்தது. ரீவா சமையலறைக்கு வந்து மேசையைப் பார்த்தாள். எல்லாம் ஒழுங்காக இருந்தது. "நல்லாப் பண்ணிருக்க" என்றாள். அத்தோடு விட்டிருக்கலாம். வெர்லீன் விடவில்லை.

"ரீவா, சிஸ்டர் கிளெண்டா உன்கிட்ட குடுத்தாங்களா?"

"என்னத்த?"

"ஆர்விலோட பழைய மாத்திரப் புட்டி. காபிப் பானைக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்திருக்கான். நான் தொடல. அப்படியே சிஸ்டர்கிட்ட குடுத்து வெச்சேன்." அவள் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. சமையலறையில் இருந்த மற்ற பெண்களும் கேட்கட்டும் என்றுதான் கொஞ்சம் உரக்கவே சொன்னாள்.

கிளெண்டா அங்கேயே கேக் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"எந்தப் புட்டி, கண்ணு?"

வெர்லீனுக்கு முதலில் புரியவே இல்லை. "அதான்... காலையில... உங்க பையில போட்டீங்களே."

"நான் குழம்புப் பாத்திரத்த எறக்கி வெச்சுட்டுப் போனேன், அவ்ளோதான்." கிளெண்டாவின் குரல் இதமாக இருந்தது. அவசரமே இல்லை. கண்ணில் நீரில்லை, மூக்கு ஒழுகவில்லை, கை நடுங்கவில்லை. "பாவம், துக்கத்துல என்னமோ பேசறா. விடு ரீவா. இன்னிக்கு வேணாம்."

ஒருத்தி தட்டைத் துடைத்துக்கொண்டே கீழே பார்த்தாள். இன்னொருத்தி தன் கைப்பையைக் கதவருகிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதை வெர்லீன் பார்த்தாள். முன்கூடத்தில் யாரோ ஓர் ஆள், "நான் அப்பவே நெனச்சேன்" என்று சொன்னது தெளிவாகக் கேட்டது.

கிளெண்டா மணிக்கட்டைச் சொறிந்தாள். பிறகு மூக்கின் பக்கத்தை. பிறகு மறுபடியும் மணிக்கட்டை. அவள் கண்மணிகள் ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தன. அப்போதுதான் வெர்லீனுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. விளங்கி என்ன செய்ய? இந்தக் கூட்டத்தில், "அவ கண்ணப் பாருங்க" என்று யார் சொல்வது? அவளா?

ரீவா அவள் கையைப் பிடித்து, பீன்ஸ் ஜாடிகள் வைத்திருக்கும் சின்ன உக்கிராண அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"நான் எடுக்கல" என்றாள் வெர்லீன்.

"தெரியும்."

வெர்லீன் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரு வருஷம் ஆர்விலுக்கு நான்தான் மாத்திர குடுத்தேன். மாத்திர உள்ள போனதும் அவரும் இப்படித்தான் சொறிவாரு. இதே மணிக்கட்டு, இதே மூக்கு. காலையில சர்ச்ல அவ நெளிஞ்சதையும் பாத்தேன். இப்ப இருக்கறதையும் பாக்கறேன். எனக்கு என்ன கண்ணில்லையா?"

"அப்ப வெளிய வந்து சொல்லு."

ரீவா ஜாடிகளைப் பார்த்தாள். "ஹோபர்ட்தான் இப்ப குழிப் பக்கத்துல நின்னு ஜெபம் பண்ணிட்டு வந்தாரு. அந்த மனுஷன் மூஞ்சியப் பாத்து நான் எப்படிச் சொல்றது? அதுவும் இன்னிக்கு?"

"நானா இருந்திருந்தா இன்னிக்கே சொல்லிருப்பல்ல? எல்லார் முன்னாடியும் சொல்லிருப்ப."

ரீவா ஒரு ஜாடியைத் திருப்பி வைத்தாள். "பின்னறை உனக்குத்தான். நான் சொன்ன சொல் மாறல. இன்னிக்கு ராவே வந்துடு. அவங்க என்ன வேணா நெனச்சுட்டுப் போகட்டும். உனக்கும் எனக்கும் தெரிஞ்சா போதாதா?" என்றாள்.

வெர்லீனுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வருஷம். நாக்கடியில் கசக்கும் பட்டை, கிளினிக் வாசலில் தலை குனிந்து நின்றது, நாய்களிடம் இடம் கேட்டுப் படுத்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக நிறைந்த புட்டியைக் கையிலிருந்து விட்டது. அத்தனைக்கும் கிடைத்தது என்ன? யாருக்கும் தெரியாமல் ஓர் அறை.

"இந்தப் பேரோட இந்த வீட்ல நான் ஏற்கெனவே இருந்து பாத்தாச்சு, ரீவா" என்றாள். "திருடின்னு பேரு வெச்சுக்கிட்டு மறுபடி அந்த ரூம்ல வந்து படுக்க என்னால ஆகாது. அப்பவாவது பேரு உண்மையா இருந்துச்சு."

ஆணியில் தொங்கிய கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். பின்கதவு பக்கத்திலேயே இருந்தது. அவள் அந்த வழியாகப் போகவில்லை. எல்லாரும் உட்கார்ந்திருக்கும் முன்கூடத்தின் வழியாக, எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டே வெளியேறுவது என்று முடிவு செய்தாள். போகிறபோது கிளெண்டாவின் எதிரே ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். ஒன்றும் பேச வேண்டாம். நின்றால் போதும்.

கிளெண்டா ஜன்னலோர சோபாவில் இருந்தாள். மடியில் தட்டு. தலை மார்பில் சாய்ந்திருந்தது. கரண்டி பிடித்த கை தொங்கிக்கொண்டிருந்தது.

"பாவம், விடிஞ்சதுலேர்ந்து ஓடிக்கிட்டே இருந்தா. அசந்துட்டா" என்று சொல்லி ஒரு பெண் அவள்மேல் கம்பளித் துணியைப் போர்த்திக்கொண்டிருந்தாள். "எழுப்பாதீங்க, தூங்கட்டும்" என்றாள் இன்னொருத்தி. ஹோபர்ட் தூரத்திலிருந்து மனைவியைப் பார்த்துப் பெருமையாகப் புன்னகைத்தார்.

வெர்லீன் எதிரே நின்றாள். நினைத்தபடியே நின்றாள். கிளெண்டாவின் உதட்டைப் பார்த்தாள். அது லேசாக நீலம் பாய்ந்திருந்தது. மூச்சைப் பார்த்தாள். ஒன்று வந்தது. அடுத்தது வர வேண்டிய நேரத்தில் வரவில்லை. அதற்கப்புறம், யோசித்து யோசித்து வருவதுபோல், ஒன்று வந்தது.

இது அசதித் தூக்கம் இல்லை என்று அந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். இந்தத் தூக்கத்திலிருந்து எழுந்திருக்காத இரண்டு பேரை அவள் பார்த்திருக்கிறாள். கதவு நாலடி தூரத்தில் இருந்தது. நான் ஏன் நிற்க வேண்டும் என்று அவளுக்குள் ஒன்று கத்தியது. இவ்வளவு பேர் இருக்கிறார்கள், புருஷன் இருக்கிறார், கர்த்தர் இருக்கிறார், பார்த்துக்கொள்ளட்டுமே. என்னை மனுஷியாகக்கூட மதிக்காத இந்தக் கூட்டத்தில் இந்த வேலையையும் நானேதான் பார்க்க வேண்டுமா?

கோட்டைக் கழற்றாமலே அவள் கிளெண்டாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வெக்கமே இல்ல பாரேன். பழியப் போட்டுட்டு அவ பக்கத்துலயே போய் உட்கார்றா" என்று பின்னால் ஒரு குரல் சொன்னது.

"ரீவா" என்று வெர்லீன் உரக்கக் கூப்பிட்டாள். ரீவா உக்கிராண வாசலுக்கு வந்து நின்றாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஆம்புலன்ஸுக்குப் போன் போடு. எதுக்குன்னு அவங்க கேட்டா நீயே சொல்லு."

ரீவா கூட்டத்தைப் பார்த்தாள். ஹோபர்ட்டைப் பார்த்தாள். பிறகு சுவரிலிருந்த போனை நோக்கி மெதுவாக நடந்தாள். ரிசீவரை எடுத்தவள், எண்ணை அழுத்தாமல் அதைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

வெர்லீன் போர்வைக்குள் கையை விட்டு, கிளெண்டாவின் புஜத்துச் சதையைப் பிடித்து, வலிக்கிற மாதிரி, நன்றாக வலிக்கிற மாதிரி முறுக்கிக் கிள்ளினாள். குனிந்து அவள் காதோடு சொன்னாள்:

"மூச்சு விடுடி. உன் வாயால உண்மையச் சொல்லாம நீ செத்துத் தொலைஞ்சா, அப்புறம் கடைசிவரைக்கும் நான் திருடிதான்."

கிளெண்டா மூச்சு விட்டாள். வெர்லீன் கையை எடுக்காமல் அடுத்ததற்குக் காத்திருந்தாள்.